பேட்டன்ட் எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் உங்கள் கொப்பியைக் கொடுக்காதீர்கள்

85,000 ரூபாய் போய்விட்டது. இன்று காலை கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். என் பெயரில் எந்தப் பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான தனியுரிமை) விண்ணப்பமும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆத்திரம் அடங்க முதலே இதை எழுதுகிறேன்.

பனம்பழத்தில் களி எடுக்கும் சிறிய பொறி ஒன்றைச் செய்துவந்தேன். பழம் பிசைந்து பனாட்டுப் போட்டவர்களுக்குத் தும்பு எவ்வளவு கரைச்சல் என்று தெரியும். பொறியில் போட்டால் சல்லடை உடனே அடைத்துவிடும். அடைபடாமல் இருக்க ஒரு வழி பிடித்தேன், அதை இங்கே சொல்லமாட்டேன். எல்லாம் ஒரு சீஆர் கொப்பியில் (தடித்த மட்டை போட்ட குறிப்பேடு) இருக்கிறது: உருளையின் படம், எந்த இடைவெளியில் களியோடு தும்பும் வந்தது, எதில் நின்றது, எந்தப் பல் உடைந்தது.

யாழ்ப்பாண நகரில் ஒரு மாடிக் கந்தோர், கண்டுபிடிப்புகளைப் பதிந்து தருவோம் என்று பலகை. பொறுப்பாக இருந்தவர் கொப்பியை வாங்கி ஆறுதலாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இலக்கம் இல்லாத பக்கங்களுக்குச் சிவப்புப் பேனையால் தானே இலக்கம் போட்டார். "தம்பி, வடிவா எழுதியிருக்கிறியள். பென்சிலால எழுதாதேங்கோ. பிழைச்சா ஒரு கோடு கீறி விடுங்கோ, அழிக்காதேங்கோ. தாள் கிழிக்கக் கூடாது. பக்கத்துக்குப் பக்கம் திகதி போட்டு, விஷயம் விளங்கின ஒருத்தரிட்டச் சாட்சிக் கையெழுத்து வாங்குங்கோ" என்றார். அவ்வளவும் சரி. கண்டுபிடிப்பாளர்கள் கொப்பி வைக்கிற முறை அதுதான். அதைக் கேட்டுத்தான் நம்பினேன். அந்த உண்மைகளுக்கு நடுவில்தான் பொய்யைச் செருகினார்: "கொப்பியில எங்கட முத்திரை விழுந்த நாளில இருந்து 20 வருஷத்துக்கு இது உங்கட சொத்து."

முத்திரைக்கு 25,000, கொழும்பு விண்ணப்பத்துக்கு 60,000 என்று 85,000 ரூபாயையும் எண்ணி வாங்கினார்கள். மூலப்பிரதி வேண்டும் என்று கொப்பியையும் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. ஃபைல் மேலே போய்விட்டதாம். சேர் கொழும்பில் நிற்கிறாராம். நல்லூர்த் திருவிழா முடியட்டுமாம். நேரில் போனால் தேத்தண்ணி தந்து இருத்தி வைப்பார்கள், உள்ளே இருப்பவர் வெளியே வரமாட்டார். ஒருநாள் அங்கே வேலை செய்யும் பிள்ளை, "உங்கட ஒரு வேலைதானா அண்ணா எங்களுக்கு?" என்று கேட்டாள். கடைசியில் அந்த மனுசனைப் பிடித்து ரசீதைக் காட்டினேன். அதில் ஆலோசனைக் கட்டணம் 85,000 ரூபாய் என்று மட்டும் எழுதியிருக்கிறது. "ஆலோசனை தந்தனாங்கள்தானே" என்றார், கண்ணைப் பார்த்துக்கொண்டே.

காசை விட வயிறு எரிவது இன்னொன்றுக்கு. என் கொப்பியில் இருந்த உருளைப் படத்தை அவர்களுடைய முகநூல் விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். விண்ணப்பிக்க முதல் வெளியே வந்த விஷயம், பேட்டன்ட்டுக்குத் தேவையான புதுமையை இழந்துவிடும். கண்டுபிடித்தவர் தானே வெளியிட்டிருந்தால் நமது சட்டத்தில் ஒரு வருட விலக்கு உண்டு, ஐரோப்பாவில் அதுவும் கிடையாது. இனி அந்தப் படம் எப்படி வெளியே போனது என்று நான் நிரூபித்துக்கொண்டு திரியவேண்டும்.

முத்திரைக் கதை எவ்வளவு பெரிய பொய் என்று கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி 20 வருடம் விண்ணப்பம் கொடுத்த நாளில் இருந்துதான். இரண்டு பேர் தனித்தனியே ஒன்றையே கண்டுபிடித்தால், முதலில் விண்ணப்பித்தவருக்கே உரிமை. யார் முதலில் கண்டுபிடித்தார் என்று பார்த்த அமெரிக்காவிலேயே 2013 மார்ச்சில் அது மாறிவிட்டது. கொப்பி வேண்டாம் என்று சொல்லவில்லை. பங்காளியோடு பிரச்சினை வந்தால் யார் என்ன செய்தார் என்று காட்ட அதுதான் சாட்சி, விண்ணப்பத்தில் விவரம் எழுதவும் அதுதான் கை கொடுக்கும். ஆனால் எவருடைய முத்திரையாலும் அது பேட்டன்ட் ஆகாது.

விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. மூலக் கொப்பியை எவருக்கும் கொடுக்காதீர்கள், நகல் போதும். படம் காட்ட முதல் இரகசியம் காப்பதாக எழுத்தில் கையெழுத்து வாங்குங்கள். ரசீதில் என்ன வேலைக்குக் காசு என்று எழுதுவியுங்கள். விண்ணப்பித்துவிட்டோம் என்றால் விண்ணப்ப இலக்கத்தைக் கேட்டு, கொழும்பு அலுவலகத்தில் நீங்களே சரிபாருங்கள்.

நாளை பொலிசுக்குப் போகிறேன். ரசீதும், அவர்கள் அனுப்பிய குரல் செய்திகளும், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கின்றன. இப்படி ஒரு கந்தோரில் காசு கட்டியவர்கள் வேறு யாரும் இருந்தால் உங்கள் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்தே முறைப்பாடு கொடுப்போம்.