ஈஜிஆர் வால்வை மாற்றியதாகப் பில் போட்டு, தகடு வைத்து அடைத்துக் கொடுத்தார்கள்

டீசல் கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாக ஈஜிஆர் வால்வு (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் விடும் வால்வு) போய்விட்டது என்று ஒர்க்ஷாப்பில் சொல்லக் கேட்டவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது, 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடத் தாண்டாத நிலையில், பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் 4) மாசு விதிப்படி தயாரான என் டீசல் கார் இழுவை குறைந்து கரும்புகை தள்ளியது. என்ஜின் விளக்கும் எரிந்தது. தெரிந்தவர் சொன்ன தனியார் ஒர்க்ஷாப்பில் விட்டபோது, ஈஜிஆர் வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிவிட்டதாகவும் மாற்றியே ஆக வேண்டும் என்றும் கூறி, கூலியுடன் 26,500 ரூபாய் வாங்கினார்கள். வண்டி முன்பைவிட நன்றாக இழுத்ததால் அவர்களைப் பற்றி நாலு பேரிடம் உயர்வாகவும் சொன்னேன்.

அந்த வால்வு எதற்கு இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. என்ஜினுக்குள் எரிபொருள் மிகுந்த வெப்பத்தில் எரியும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து, நுரையீரலுக்குக் கேடு செய்யும் நைட்ரஜன் ஆக்சைடுகளாகின்றன. வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி, கூலன்ட் ஓடும் கூலர் வழியாகச் சூட்டைத் தணித்து, உள்ளே போகும் காற்றோடு கலந்துவிட்டால், அந்தக் கலவையில் ஆக்சிஜன் குறைந்தும் வெப்பத்தை ஏற்றுக்கொள்ளும் கார்பன் டைஆக்சைடும் நீராவியும் கூடியும் இருப்பதால், எரியும்போது உண்டாகும் உச்ச வெப்பம் தணிந்து அந்த ஆக்சைடுகள் வெகுவாகக் குறைகின்றன. எப்போது எவ்வளவு புகையை உள்ளே விடுவது என்பதை இசியு எனப்படும் என்ஜின் கணினி கணக்கிட, அதன்படி திறந்து மூடுவதே ஈஜிஆர் வால்வு. புகைக்கரியும் என்ஜின் ஆயில் ஆவியும் சேர்ந்து தார்போலப் படிவதால் அது நாளடைவில் சிக்கிக்கொள்வது இயல்பே. பல வண்டிகளில் கழற்றிச் சுத்தம் செய்து, இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டாலே போதும்.

எட்டு மாதம் கழித்து வேறொரு வேலைக்காக இன்னொரு மெக்கானிக்கிடம் போனபோதுதான் உண்மை வெளிவந்தது. வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில், இசியுவோடு இணைக்கும் ஸ்கேனர் மூலம் வால்வைத் திறக்கச் செய்தார். புகை உள்ளே வந்தால் அந்த அளவுக்குப் புதுக்காற்று குறைய வேண்டும். ஆனால் திரையில் காற்றளவு அசையவே இல்லை. கழற்றிப் பார்த்தால் இரண்டு கேஸ்கெட்டுகளுக்கு நடுவில், ஓரங்களில் அரம் போட்ட கீறல்கள்கூட மறையாத ஒரு இரும்புத் தகடு புகை வரும் வழியை முழுவதுமாக அடைத்திருந்தது. வால்வும் புதிதல்ல, வெளியே மட்டும் பளபளவென்று துடைக்கப்பட்ட என் பழைய வால்வுதான். உள்ளே விரலை விட்டபோது கறுப்புக் கரி அப்பிக்கொண்டு வந்தது. என்ஜின் விளக்கு எரியாதபடி இசியு மென்பொருளையும் மாற்றியிருந்தார்கள்.

அடைத்துவிட்டால் புகைக்கரி உள்ளே வராது, சுத்தமான காற்றே கிடைக்கும், வண்டியும் சுறுசுறுப்பாகத் தெரியும். அதனால்தான் எனக்குச் சந்தேகமே எழவில்லை. டீசல் வண்டிக்கான மாசுச் சான்றிதழ்ச் சோதனையும் புகையின் கருமையை மட்டுமே அளப்பதால், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு கூடினாலும் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. பிஎஸ்-4 டீசல் காருக்கு அதன் வரம்பு கிலோமீட்டருக்கு 0.25 கிராம், 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 அதை 0.08 கிராமாகக் குறைத்தது. நாடே அதைக் குறைக்கப் பாடுபடும்போது, என் வண்டி எட்டு மாதம் பள்ளிக்கூட வாசல்களில் நின்று அதைக் கக்கியிருக்கிறது என்பதுதான், போன பணத்தைவிட என்னை வருத்துகிறது.

வால்வை மாற்றச் சொன்னால், முதலில் சுத்தம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய வால்வைக் கையில் வாங்குங்கள், புதியதன் பாக எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள், வண்டியை எடுக்கும் முன் ஐடிலில் வால்வைத் திறந்து காற்றளவு குறைவதை ஸ்கேனரில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பணம் கொடுக்காதீர்கள். கேட்கப் போன என்னிடம் அந்த ஒர்க்ஷாப்பில், “எல்லாரும் இப்படித்தான் சார் செய்கிறார்கள்” என்றார்கள். தகட்டையும் பில்லையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கப்போகும் புகாருடன் இரண்டையும் சேர்க்க இருக்கிறேன்.