எட்டுத் தட லாஜிக் அனலைசர்: புறக்கோட்டையில் வாங்கிய ஒரு சிறு கருவி பற்றிய மதிப்பீடு

ஆர்டுயினோ பலகையும் (நாமே நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) அதைக் கைத்தொலைபேசி வலையமைப்போடு இணைக்கும் ஜி.எஸ்.எம். மொடியூலும் ஒன்றோடொன்று பேச மறுக்கும்போது, வயர்களைக் கழற்றி மீண்டும் செருகிப் பார்ப்பதும், பின்னர் மொடியூல் பழுதென்று முடிவுகட்டிப் புறக்கோட்டைக்குச் சென்று இன்னொன்றை வாங்குவதுமே கொழும்பில் நம்மிற் பலரின் வழக்கம். அந்த இரண்டாவது மொடியூலுக்குச் செலவிடும் பணத்தை முதலில், வயர்களில் செல்லும் ஒன்று-பூச்சியச் சமிக்ஞைகளைப் பதிவுசெய்து கணினித் திரையில் வரைந்துகாட்டும் இந்த லாஜிக் அனலைசருக்குக் கொடுக்கலாம் என்பதே என் கருத்து.

தீப்பெட்டி அளவேயான இக்கருவி, 8 தடங்களில், வினாடிக்கு 24 மில்லியன் மாதிரிகள் வரை எடுக்கக்கூடியது. உள்ளே இருப்பது சைப்ரஸ் நிறுவனத்தின் எஃப்.எக்ஸ்.2 சில்லு. சொந்த நினைவகம் இல்லாததால், எடுத்த மாதிரிகளை யூ.எஸ்.பி. வழியே உடனுக்குடன் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே உச்ச வேகத்தில், அதுவும் ஹப் ஒன்றின் ஊடாக இணைத்திருந்தால், பதிவு இடையில் நின்றுபோகலாம். பிட்டுகளை ஒரே வயரில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் தொடர்நிலைத் தொடர்பாடலுக்கு அந்த வேகம் தேவையில்லை. 115200 போட் வீதத்துக்கும் (அதாவது வினாடிக்கு 115200 பிட்டுகள்) 1 மெகாஹேர்ட்ஸ், அதாவது வினாடிக்கு ஒரு மில்லியன் மாதிரிகள், போதும், ஒரு பிட்டுக்கு எட்டு மாதிரிகளுக்கு மேல் கிடைக்கும். சிக்ராக் திட்டத்தின் இலவச மென்பொருளான பல்ஸ்வியூ இதனை லினக்ஸில் எளிதில் அடையாளம் காண்கிறது. விண்டோஸில் ஸேடிக் என்னும் சிறு மென்பொருள் மூலம் டிரைவரை மாற்ற வேண்டும். இக்கருவி சலே நிறுவனத்தின் லாஜிக் அனலைசரைப் பார்த்துச் செய்த நகல் என்பதால், இதனோடு அந்நிறுவனத்தின் மென்பொருளைப் பயன்படுத்தச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்நிறுவனத்தின் கருவிக்கென எழுதப்பட்டதை நகல் ஒன்றுக்குப் பயன்படுத்துவது எனக்கு ஏற்புடையதன்று.

இக்கருவியின் உண்மையான பயன், இரு பக்கத்தின் வேகமும் பொருந்தாமல் திரையில் குப்பை எழுத்துகள் வரும்போதுதான் தெரிகிறது. பதிவிலுள்ள மிகக் குறுகிய துடிப்பின் அகலத்தை அளந்தால், பெரும்பாலும் அதுவே ஒரு பிட்டின் நேரம். அது 104 மைக்ரோசெக்கன்ட் எனில் வேகம் 9600, 8.7 எனில் 115200. வைஃபை வசதியுள்ள இ.எஸ்.பி.8266 பலகைக்கு மின்சாரம் கொடுத்தவுடன் தோன்றும் குப்பையைப் பழுதென்று நினைப்போர் பலர். அளந்து பார்த்தால் ஏறத்தாழ 13.4 மைக்ரோசெக்கன்ட் கிடைக்கும். அந்தச் சில்லு தன் தொடக்கச் செய்தியை 74880 வேகத்தில் அனுப்புகிறது, அவ்வளவுதான்.

இதைவிடச் சிக்கலானது, சில எழுத்துகள் சரியாகவும் சில பிழையாகவும் வரும் நிலை. கடிகாரத் துடிப்பைத் துல்லியமாகத் தரும் பளிங்கு (கிரிஸ்டல்) இல்லாமல், தன்னுள்ளேயே உள்ள அலையியற்றியில் இயங்கும் ஏடிமெகா328 சில்லின் (ஆர்டுயினோ யூனோவில் இருப்பது இதுவே) கடிகாரம், தொழிற்சாலை அளவீட்டின்படி 10 சதவீதம் வரை விலகியிருக்கலாம். பெறுகின்ற பக்கமோ சுமார் 2 சதவீத விலகலையே தாங்கும். 104 வரவேண்டிய இடத்தில் 99 வந்தால், நிரலில் ஒரு வரியையும் திருத்தாமல் பளிங்கு ஒன்றைப் பொருத்த வேண்டியதுதான். 16 மெகாஹேர்ட்ஸ் பளிங்கு இருக்கும்போதும் ஆர்டுயினோ யூனோவின் 115200 உண்மையில் 2.1 சதவீதம் கூடுதலாகவே அமைகிறது என்பதால், நீண்ட வயர் இணைப்புகளில் நான் 9600 அல்லது 38400ஐயே விரும்புகிறேன். டி.எக்ஸ். (அனுப்பும்), ஆர்.எக்ஸ். (பெறும்) வயர்கள் மாறியிருப்பதையும் இது உடனே காட்டிக்கொடுக்கும். இன்னொன்று: ஓய்விலுள்ள தடம் உயர்நிலையில் நிற்க வேண்டும்; தாழ்நிலையிலேயே கிடந்தால் மின்சாரமோ கிரவுண்டோ போய்ச் சேரவில்லை என்று முதலில் சந்தேகிக்கலாம்.

ஆனால் இக்கருவி மறைப்பதும் உண்டு. 2 வோல்ட்டுக்கு மேற்பட்ட எதையும் அது ஒன்று என்றே வரைகிறது. 5 வோல்ட்டில் இயங்கும் ஏடிமெகாவுக்கோ 3 வோல்ட்டாவது வேண்டும். ஆகையால் 2.5 வோல்ட்டுக்குச் சரிந்த சமிக்ஞை திரையில் அழகாகத் தெரியும், சில்லுக்குப் புரியாது. சிம்800எல் என்ற ஜி.எஸ்.எம். மொடியூல் 3.4 முதல் 4.4 வோல்ட் வரையிலான வழங்கலையும், சில கணங்களில் 2 அம்பியர் வரையும் கேட்பது. வழங்கல் சரிந்து அது மறுதொடக்கம் ஆகும்போது நமக்குத் தெரிவது இடையில் அறுந்த பதில் மட்டுமே. காரணத்தை அறிய, வோல்ட்டளவின் ஏற்ற இறக்கத்தையே வரைந்துகாட்டும் அலைகாட்டிதான் (ஒசிலோஸ்கோப்) வேண்டும். பழைய கணினிகளின் தொடர்நிலைத் துறையில் உள்ளதும், மறை (நெகட்டிவ்) வோல்ட்டளவுக்கும் இறங்குவதுமான ஆர்.எஸ்.232 தடத்தை இதில் நேரடியாக இணைக்கவே கூடாது.

கடை அனுபவத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கேட்டபோது கணினியில் செருகிக் காட்டினார்கள், உத்தரவாதம் எதுவும் தரவில்லை. கூட வரும் வயர்களின் முனைகள் தளர்வானவை, கொக்கி முனைகளைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். மேலுறையில் தடங்கள் 1 முதல் 8 வரை அச்சிடப்பட்டிருந்தால், பல்ஸ்வியூவில் அவை டி0 முதல் டி7 வரை என்று தோன்றும்.