புஷ் மட்டுமா, முழு லோவர் ஆர்மா?

மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போது பெஸ்தாரி ஜெயா) செம்பனை லோரிகள் குழி பறித்த செம்மண் சடக்கில்தான் என் பழைய மைவி காடி தினமும் ஓடுகிறது. முன்பக்கம் ‘டொக் டொக்’ என்று தட்டியது. பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒருபக்கம் இழுத்தது. குனிந்து பார்த்தால், சக்கரத்தைக் காடியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோவர் ஆர்மின் பெரிய புஷ், அதாவது அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை, கிழிந்திருந்தது.

முழு ஆர்மையும் மாற்றுவது சுலபம். போல்ட்டுகளைக் கழற்றிப் புதியதை மாட்டினால் ஆயிற்று, புஷ்ஷை அழுத்தி ஏற்றும் பிரஸ் மிஷின் வேண்டாம். முதல் தடவை நானும் மலிவான ஆர்ம்தான் வாங்கிப் போட்டேன். ஓராண்டுக்குள் ரப்பரில் வெடிப்பு.

அடுத்த தடவை பழைய ஒரிஜினல் ஆர்மிலேயே ஒரிஜினல் புஷ். இனி எப்போதும் இப்படித்தான் செய்வேன். வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள், வெளிக்கூடு கோணிவிடும். ஆர்மைக் கழற்றி டவுன் வெர்க்‌ஷாப்பில் கொடுத்தால் பிரஸ்ஸில் வைத்து ஏற்றித் தருவார்கள். பழைய புஷ்ஷின் ரப்பரில் இருக்கும் இடைவெளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முன்கூட்டியே ஆர்மில் கோடு போட்டுவிடுங்கள். வழுக்கி ஏறச் சவர்க்காரத் தண்ணீர் போதும். சாதாரண எண்ணெய், கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுப்போகும்.

எதைப் போட்டாலும் அதன் ஆயுள் போல்ட்டைக் கடைசியாக முறுக்குவதில்தான் இருக்கிறது. ரப்பர் உள்குழாயோடும் வெளிக்கூட்டோடும் ஒட்டியிருப்பதால் சுழலாது, முறுகும். சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கினால், காடி தரையில் இறங்கியபின் நிற்கும்போதுகூட ரப்பர் முறுகியே இருக்கும், சீக்கிரம் கிழியும். முதல் ஆர்மை நான் அப்படித்தான் இறுக்கினேன். அதனால் அது வெடித்ததற்கு மலிவு ரப்பர் காரணமா, என் கையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தோட்டத்து லோரி ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன்தான் சொல்லிக் கொடுத்தார்: “தம்பி, லேசா மாட்டி வையி. காடி பாரம் சக்கரத்துல இறங்கின பெறகு கடைசி முறுக்கு.” முன்சக்கரங்களை ரேம்ப்பில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து அப்படியே செய்தேன். ஜேக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். முடிந்ததும் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்க்கும் அலைன்மென்ட்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் புஷ்ஷும் கிடைக்கிறது. எண்ணெய்க்குத் தாங்கும், ஆனால் இறுக்கமானது, அதிர்வை உள்ளே அனுப்பும், கிரீஸ் வறண்டால் கிறீச்சிடும். நண்பர் காடியில் ஒருமுறை உட்கார்ந்து போனதுதான் என் அனுபவம். செம்மண் சடக்குக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆர்ம் வளைந்திருந்தாலோ, துரு தின்றிருந்தாலோ, ஆர்மோடு சேர்ந்த பால் ஜாயிண்டும் (சக்கரப் பக்கத்து உருண்டை மூட்டு) ஆடினாலோ புஷ்ஷுக்குச் செலவழிக்காதீர்கள். அப்போது முழு ஆர்ம்தான். அதிலும் நல்ல ரப்பராகப் பார்த்து, இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.