ரிஃபாம்பிசின் எழுதினார்கள், கருத்தடை மாத்திரையைப் பற்றிக் கேட்கவில்லை

கருத்தடை மாத்திரை சாப்பிடும் ஒரு பெண்ணுக்கு ரிஃபாம்பிசின் கலந்த காசநோய் மருந்தை எழுதும்போது, "இனி அந்த மாத்திரையை நம்ப வேண்டாம், வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். இராமநாதபுரத்தில் எனக்கு வைத்தியம் பார்த்த தனியார் கிளினிக்கில் அந்த அரை நிமிடம் யாருக்கும் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே ஒரு மருந்துக்கடைக்காரர் பொய் சொல்லி, விலை கூடிய கருத்தடை மாத்திரை ஒன்றை என் தலையில் கட்டியிருந்தார். இரண்டும் சேர்ந்ததில், மாத்திரையை ஒருநாளும் தவறவிடாத நான் கர்ப்பமானேன். மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரை என்று இந்தக் கரை நெடுக இருக்கும் நாம் இதுபோன்ற கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும்தான் போகிறோம் என்பதால் இதை எழுதுகிறேன். பெயர்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். பெயரைச் சொன்னால் அந்த ஓர் இடத்தைத் தவிர்த்துவிட்டு, அடுத்த இடத்தில் இதே கதைக்கு ஆளாவோம்.

முதலில் மருந்துக்கடை. இரண்டாவது பிள்ளை பால் மறந்த பிறகு, எங்கள் கிராம சுகாதார செவிலியரிடமிருந்து மாலா-என் மாத்திரையை இலவசமாக வாங்கிச் சாப்பிட்டு வந்தேன். ஒரு தொந்தரவும் இல்லை. கடைவாய்ப் பல் பிடுங்கியபோது பல் மருத்துவர் அமாக்ஸிசிலின் எழுதிக் கொடுத்தார். சீட்டை நீட்டியதும் கடைக்காரர், "வேற ஏதும் மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டார். கேட்டது சரியான கேள்விதான். மாலா என்று சொன்னதும், "ஆன்டிபயாடிக் போட்டா அது வேலை செய்யாதும்மா, கவர்மென்ட் மாத்திரைக்கு அவ்வளவுதான் பவர். இதை வாங்கிக்கங்க, எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அசையாது" என்று கண்ணாடி அலமாரியிலிருந்து பளபளக்கும் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு மாதத்து அட்டையின் விலை 500 ரூபாயை ஒட்டி வந்தது. மீன்பிடித் தடைக்காலம், என் கணவர் தொழிலுக்குப் போகாமல் வீட்டில் இருந்த சமயம். இருந்தாலும் பயத்தில் வாங்கினேன், அடுத்தடுத்த மாதங்களும் அதையே வாங்கினேன். ரசீது கேட்டால், "ரசீது போட்டா வரி சேரும், வேணுமா?" என்பார்.

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் உண்மை இல்லை. அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின், மெட்ரோனிடசோல் என்று பல்லுக்கும் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் நமக்கு வழக்கமாக எழுதப்படும் ஆன்டிபயாடிக்குகள் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுப்பதில்லை. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜன் குடலிலிருந்து மறுபடி உடம்பில் சேர அங்குள்ள நுண்ணுயிர்கள் உதவுகின்றன, ஆன்டிபயாடிக் அவற்றைக் கொன்றால் ஹார்மோன் குறைந்துவிடும் என்ற ஊகத்தில் ஒரு காலத்தில் மருத்துவர்களே எச்சரித்து வந்தார்கள்; இரத்தத்தில் ஹார்மோன் அளவைச் சோதித்த ஆய்வுகள் அந்த ஊகத்துக்குத் துணை நிற்கவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2011இல் அந்த எச்சரிக்கையைக் கைவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையிலும் சாதாரண ஆன்டிபயாடிக்கோடு கருத்தடை மாத்திரை சாப்பிட எந்தத் தடையும் இல்லை. கவனிக்க வேண்டியது வாந்தியையும் கடுமையான வயிற்றுப்போக்கையும்தான். மாத்திரை விழுங்கிய 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு மாத்திரை விழுங்க வேண்டும். வயிற்றுப்போக்கு ஒரு நாளைத் தாண்டி நீடித்தால் மாத்திரை தவறியதாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த "அசையாத" மாத்திரை. மாலா-என் அட்டையில் உள்ள 28 மாத்திரைகளில் 21இல் லெவோநார்ஜெஸ்ட்ரல், எதினைல் எஸ்ட்ரடியால் என்ற இரண்டு ஹார்மோன்கள் இருக்கின்றன, மீதி 7 இரும்புச்சத்து மாத்திரைகள். நான் பணம் கொடுத்து வாங்கிய பெட்டியிலும் அதே எதினைல் எஸ்ட்ரடியால்தான் இருந்தது, உடன் லெவோநார்ஜெஸ்ட்ரலுக்குப் பதிலாக அதே புரோஜெஸ்டின் வகையைச் சேர்ந்த வேறொரு ஹார்மோன். முகப்பருவுக்கோ உடல் உப்பசத்துக்கோ சிலருக்கு அது ஒத்துப்போகலாம், அது வேறு விஷயம். ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் தனிச் சக்தி அதற்குக் கிடையாது. என் 500 ரூபாயை விடவும் பெரிய கேடு, "இந்த மாத்திரை எதற்கும் அசையாது" என்ற நம்பிக்கையை அவர் என் மனதில் ஊன்றியதுதான்.

கழுத்தில் நெரிகட்டி கரையாமல் நின்றபோது கிளினிக்குக்குப் போனேன். ஊசியால் எடுத்துச் சோதித்ததில் காசநோய் என்று தெரிந்தது. ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைடு, எத்தாம்புடால் நான்கும் சேர்ந்த மாத்திரையைத் தொடங்கினார்கள். மருத்துவர் எனக்கு எதுவுமே சொல்லவில்லை என்று சொன்னால் அநியாயம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படக் கூடாது என்றார்; பார்வை மங்கினால் உடனே வர வேண்டும் என்றார்; நடுவில் நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார். உயரம், எடை, சர்க்கரை எல்லாம் குறித்துக்கொண்ட செவிலியரிடம் கருத்தடை மாத்திரை சாப்பிடுவதை நானாகவே சொன்னேன். "சரிக்கா" என்றார். அந்தச் சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. வேறு மருந்துகள் என்று அச்சடித்த இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் இழுத்திருக்கிறார்.

ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டி, மருந்துகளை உடைக்கும் நொதிகளை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்கள் அந்த நொதிகளால் வேகமாக உடைந்து, கருமுட்டை வெளிவருவதைத் தடுக்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிடுகின்றன. 1970களின் தொடக்கத்திலிருந்தே மருத்துவ உலகம் அறிந்த செய்தி இது. ரிஃபாபுட்டினும் இதே வகை. வலிப்புக்கும் சில மனநலச் சிக்கல்களுக்கும் தரப்படும் கார்பமாசெபின், வலிப்புக்குத் தரப்படும் ஃபெனிட்டாயின், ஃபீனோபார்பிட்டால் ஆகியவையும் ஆன்டிபயாடிக் இல்லாவிட்டாலும் இதையே செய்யும். ஏர்வாடிப் பக்கம் மனநல வைத்தியத்துக்கு வந்து தங்குகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து தொடங்கிய சில வாரங்களில், அட்டையின் நடுவிலேயே எனக்கு உதிரம் பட ஆரம்பித்தது. ஹார்மோன் அளவு இறங்குவதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம் என்பதை இப்போது அறிவேன். அன்று கிளினிக்கில் சொன்னபோது, "டி.பி. மருந்து சூடும்மா, இளநீர் குடிங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மருந்தின் பக்கவிளைவு எதைக் கேட்டாலும் சூடு என்று சொல்லி முடித்துவிடும் வழக்கம் நம் ஊரில் எப்போது ஒழியுமோ தெரியவில்லை.

கர்ப்பம் உறுதியானதும் பழியைத் தூக்கி என் மேல் போட்டார்கள். "மாத்திரையை எங்கயாவது மறந்திருப்பீங்க" என்றார் மருத்துவர். காலி அட்டைகளைப் பையிலிருந்து எடுத்து மேசை மேல் பரப்பினேன். ஒவ்வொன்றிலும் கிழமை அச்சிட்ட வரிசையில் குழிகள் ஒன்று விடாமல் உடைந்திருந்தன. அவர் அவற்றைப் பார்க்காமலே, இந்த மருந்தோடு பிள்ளை ஊனமாகப் பிறக்கும், கலைத்துவிட்டுக் கையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் முடித்துவிடலாம், கணவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரே மூச்சில் சொன்னார். கணவர் அன்று கடலில் இருந்தார்.

அங்கிருந்து நேராக அரசு மருத்துவமனையின் காசநோய்ப் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் சில கேள்விகளுக்குள்ளேயே, "கருத்தடைக்கு என்ன பயன்படுத்தினீங்க?" என்பதும் இருந்தது. கிளினிக்கில் சொன்னவை ஒவ்வொன்றாகப் பொய்யாயின. இந்த நான்கு மருந்துகளையும் கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதுதான் நடைமுறை. கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியது ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. கலைப்பதாக இருந்தால் 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. கருத்தடை முறை தோற்றுப்போனதே 20 வாரம் வரை போதிய காரணம் என்று இருக்கும் சட்டம், 2021 திருத்தத்துக்குப் பிறகு மணமானவரா என்றும் பார்ப்பதில்லை. நானும் என் கணவரும் என்ன முடிவெடுத்தோம் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. சரியான தகவல் கையில் வந்த பிறகு எடுத்த முடிவு அது, அவ்வளவுதான்.

கிளினிக்கில் எனக்குச் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ரிஃபாம்பிசின் சாப்பிடும் காலம் முழுவதும், பொதுவாக 6 மாதம், அதை நிறுத்திய பின் இன்னும் 4 வாரமும் ஹார்மோன் மாத்திரையை நம்பக் கூடாது. விலை கூடியது, குறைந்தது என்ற பேதமெல்லாம் இதில் இல்லை. கையில் தோலுக்கடியில் பொருத்தும் ஹார்மோன் குச்சியின் பலமும் குறையக்கூடும். காப்பர்-டியில் ஹார்மோனே இல்லாததால் ரிஃபாம்பிசின் அதைத் தொடுவதில்லை. ஆனால் காசநோய் கருப்பையிலோ அடிவயிற்றிலோ இருந்தால் அதைப் புதிதாகப் பொருத்தக் கூடாது. 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா என்ற கருத்தடை ஊசியையும் ரிஃபாம்பிசினோடு பயன்படுத்தலாம். 2017 முதல் அரசு இதை இலவசமாகத் தருகிறது. மாதவிலக்கு முன்பின்னாகும், நிறுத்திய பிறகு மறுபடி கருத்தரிக்கச் சில மாதங்கள் பிடிக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போட்டுக்கொள்ளுங்கள். ஆணுறை எப்போதும் உண்டு. ஆபரேஷன் என்பது இவை எல்லாவற்றையும் கேட்ட பிறகு நாமாக எடுக்க வேண்டிய முடிவு, மேசையில் படுத்திருக்கும்போது யாரோ சொல்லி எடுப்பது இல்லை. இவற்றைச் சொல்லாதது கிளினிக்கின் தவறு என்பதற்காக யாரும் பயந்துபோய்க் காசநோய் மருந்தை நிறுத்திவிட வேண்டாம். மாற்ற வேண்டியது கருத்தடை முறையைத்தான்.

எந்த மருந்து எழுதினாலும் அட்டையின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளிக் காகிதத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கைபேசிக் கேமராவில் பெரிதாக்கினால் படிக்க முடியும். ரிஃபாம்பிசின் என்ற பெயர் இருந்தால் கருத்தடையைப் பற்றிக் கேட்காமல் வெளியே வராதீர்கள், நீங்கள் சாப்பிடும் கருத்தடை மாத்திரையின் பெயரைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

கிளினிக் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன். பணம் கொடுத்துப் பெற்ற மருத்துவச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும், 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். சீட்டுகளும் கட்டண ரசீதுகளும் கோடு இழுத்த அந்தத் தாளும் கையில் இருக்கின்றன. மருந்துக்கடை மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுக்கப் போனபோது அவர்கள் முதலில் கேட்டது ரசீது. என்னிடம் ஒன்றுகூட இல்லை. வரி சேர்ந்தாலும் பரவாயில்லை, ரசீதைப் போடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.