வயிற்று வலிக்கு எந்த ஸ்கேன்: அல்ட்ராசவுண்டா, சி.டி.யா?

கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் திருவனந்தபுரம், இந்தப் பக்கம் மார்த்தாண்டமும் நாகர்கோவிலும். இரு பக்கமும் ஸ்கேன் மையங்கள் இருப்பதால், குமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டாரத்தில் ஒருவருக்கு வயிறு வலித்தால் எந்த ஊருக்குப் போவது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீளும். எந்த ஸ்கேன் என்ற கேள்வி எழுந்தாலும், சி.டி.க்குக் காசு கூடுதல், ஆகையால் அது கூடுதலாகக் காட்டும் என்ற கணக்கில் முடிந்துவிடும். அந்தக் கணக்கு எங்கள் குடும்பத்தில் ஒருமுறை பொய்த்தது, மறுமுறை மெய்த்தது.

பொய்த்தது சித்திக்கு. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட இரவுகளில் வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும் வலி. உறவினர் ஒருவரின் வற்புறுத்தலால் நேராக சி.டி. எடுத்தார்கள், பித்தப்பையில் குறையில்லை என்று அறிக்கை வந்தது. வலி மட்டும் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து எல்லைக்கு அப்பால் ஒரு மையத்தில் அல்ட்ராசவுண்டு பார்த்தபோது நானும் உடன் இருந்தேன். காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டால் பித்தப்பை சுருங்கிப்போய் உள்ளே இருப்பது தெரியாது. குளிர்ந்த ஜெல்லைத் தடவி, மூச்சைப் பிடித்து வைக்கும்படி, 'ஸ்வாசம் பிடிச்சு வைக்கூ' என்று மலையாளத்தில் சொன்னார் மருத்துவர். கறுத்த பையாகத் தெரிந்த பித்தப்பையின் அடியில் மூன்று வெள்ளைப் பொட்டுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் வால் போல ஒரு கறுப்பு நிழல். சித்தியை இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொன்னதும் மூன்றும் உருண்டு இடம் மாறின. சுவரில் ஒட்டிய சதை வளர்ச்சி என்றால் உருண்டிருக்காது.

சி.டி. ஏன் தவறவிட்டது என்பதற்கு இரண்டு கருவிகளும் வேலை செய்யும் விதமே விடை. சி.டி. எக்ஸ் கதிரை ஒவ்வொரு திசுவும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை அளக்கிறது. கொலஸ்ட்ரால் மிகுந்த கற்களில் ஒரு பகுதி, சுற்றியுள்ள பித்தநீரைப் போலவே உறிஞ்சுவதால் படத்தில் அதனோடு கலந்து மறைந்துவிடும். அல்ட்ராசவுண்டு அனுப்புவது ஒலி. வயிற்றுக்கு வழக்கமாக 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையான, காதுக்கு எட்டாத ஒலி. அது மென்திசுவில் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் சென்று, கல்லின் மேற்பரப்பில் மோதி எதிரொலியாகத் திரும்புகிறது. கல் எதனால் ஆனது என்பது அங்கே பெரிய பொருட்டில்லை. பித்தப்பைக் கல் என்று ஐயம் வந்தால் அல்ட்ராசவுண்டுக்குத்தான் முதலிடம் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்தக் கல் நழுவிப் பித்தக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் அல்ட்ராசவுண்டும் அடிக்கடி ஏமாறும்; அப்போது எம்.ஆர்.ஐ. வகையைச் சேர்ந்த எம்.ஆர்.சி.பி. தேவைப்படலாம்.

கணக்கு மெய்த்தது மாமாவுக்கு. விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போய், உச்சிவேளை வரை தண்ணீர் குடிக்க மறக்கிற மனிதர். இடுப்பின் பின்புறத்தில் தொடங்கித் தொடை இடுக்கு வரை இறங்கும் வலி வந்தது. கல்லடைப்பு என்று பார்த்தவுடனே எல்லோரும் சொன்னார்கள். அல்ட்ராசவுண்டில் சிறுநீரகம் வீங்கியிருந்தது தெரிந்தது, கல் தெரியவில்லை. காற்றைத் தாண்டி இந்த ஒலி போகாது என்பதுதான் இந்த முறையின் பெரிய பலவீனம். சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல்லை அது காட்டும்; சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால், சிறுநீரகத்திலிருந்து அதற்கு இறங்கும் குழாயின் கடைசிப் பகுதியையும் காட்டும்; நடுப்பகுதி குடல் வாயுவுக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். மருந்து ஏற்றாமல் எடுத்த சி.டி.யில் அந்த நடுப்பகுதியில்தான் 5 மி.மீ. கல் ஒன்று வெள்ளையாக நின்றது. சிறுநீர்க் கற்கள் ஏறக்குறைய எல்லாமே சி.டி.யில் தெரியும்; இடமும் அளவும் துல்லியமாகக் கிடைப்பதால், தானாக இறங்கக் காத்திருப்பதா, உடைத்தெடுப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்க முடிகிறது.

அப்படியானால் கல்லடைப்புக்கு எப்போதும் சி.டி.யே எடுக்கலாமே என்பார்கள். கதிர்வீச்சுதான் தடை. வயிற்றுக்கான வழக்கமான சி.டி. ஒன்றில் உடல் பெறுவது ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). உலகச் சராசரியில் இயற்கையிலிருந்து ஒருவர் ஓர் ஆண்டில் பெறுவது சுமார் 2.4. கல்லுக்கென்றே குறைந்த அளவில் எடுக்கும் முறையும் உண்டு, கேட்டுப் பார்க்கலாம். எங்கள் மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த மோனசைட் கனிமம் இருப்பதால், 'நாம் பிறந்ததே கதிர்வீச்சில்தானே' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஏற்கெனவே வாங்குவதோடு தேவையில்லாமல் இன்னும் சேர்ப்பதற்கு அது காரணமாகாது.

அல்ட்ராசவுண்டுக்குக் கதிர்வீச்சு இல்லை, ஆனால் அது பார்ப்பவரின் கையை நம்பியது. தோலின் மேல் நகர்த்தும் கைக்கருவியை எந்தக் கோணத்தில் சாய்த்தார், எவ்வளவு நேரம் தேடினார் என்பது படத்தில் பதியாது, சி.டி. படத்தை மறுநாள் வேறொரு மருத்துவரும் முழுதாகப் படிக்கலாம். பருமனான உடலிலும் ஒலி ஆழம்போக முடியாமல் படம் மங்கும்.

குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குடல்வால் அழற்சி ஐயம் வந்தால் முதலில் அல்ட்ராசவுண்டே. 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 20 வாரத்தை ஒட்டி உறுப்புக் குறைகளைப் பார்க்க ஒன்று என்று கர்ப்பகால ஸ்கேன்களில் சி.டி.க்கு இடமே இல்லை. கருவின் பாலினத்தைச் சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால், அதற்காக எல்லை தாண்டுவதும் குற்றத்துக்கே வழி. தைராய்டுக் கட்டிக்கும், காலின் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்ததா என்று பார்ப்பதற்கும் அல்ட்ராசவுண்டே முந்தும்.

மாமாவின் கல் மூன்றாவது வாரம் தானாக வெளியேறியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு இப்போது நடப்பது அல்ட்ராசவுண்டு மட்டுமே. சிறுநீரகத்துக்குள் புதிதாகக் கல் சேர்கிறதா என்பதுதான் கேள்வி, அதற்கு அது போதும்.