பாதியில் நின்ற ஸ்வெட்டர்: நாய்க்குச் சட்டையா, பூனைக்கு மெத்தையா, ஆட்டுக்குட்டிக்குப் போர்வையா?

புரட்டாசி கடைசியில், மழை பிடித்துக்கொள்வதற்குள் துணிமணிகளை வெயிலில் காட்டிவிட வேண்டும் என்று டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், பழைய வேட்டியில் சுற்றி, அத்தை பின்னிய ஸ்வெட்டர் இருந்தது. முதுகுப்பக்கம் முடிந்திருந்தது. ஒரு கை முடிந்திருந்தது. இன்னொரு கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வந்து நின்றிருந்தது. முன்பக்கம் ஒரு சாண் உயரத்தில் ஊசியிலேயே இருந்தது. அது இரும்பு ஊசி. நம்மூர் ஈரத்தில் துருப்பிடித்து, கடைசி வரிசை முழுக்கக் காவி நிறம் ஏறியிருந்தது.

மாமா வடக்கே, இன்றைய சத்தீஸ்கரில் உள்ள பிலாய் எஃகு ஆலையில் வேலை பார்த்த காலத்தில், அத்தை அங்கே பக்கத்து வீட்டுப் பெண்களிடம் பின்னக் கற்றுக்கொண்டவர். இன்றைக்கும் பின்னல் கண்ணை இந்தியில் ‘ஃபந்தா’ என்றுதான் சொல்வார். நேர்ப்பின்னல் அவருக்கு ‘சீதா’, எதிர்ப்பின்னல் ‘உல்டா’. என் மகன் டெல்லிக்குப் படிக்கப் போனபோது அவனுக்காக இதை ஆரம்பித்தார். கண்ணில் புரை விழவே நின்றுபோனது. மகன் படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்துவிட்டான். தஞ்சாவூர்ப் பக்கம் குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் வீட்டில் இதைப் போட்டுக்கொள்ள ஆள் இல்லை. ஆனால் திண்ணையில் எங்கள் நாய் மணி இருக்கிறான். அடுப்படியில் பூனை சீனி இருக்கிறாள். கொட்டகையில் ஒரு மாடும் கன்றும், சினையாக இரண்டு ஆடுகளும்.

“அத்தை, இத மணிக்கு ஏதாவது தச்சுப் போடவா?” என்று கேட்டேன்.

“அவனுக்கு மட்டுந்தான் குளிருதா? எது எதுக்கு வேணுமுன்னு பாத்துப் பண்ணும்மா” என்றார்.

அவர் சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் செய்து பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நூலைத் தெரிந்துகொள்ளுங்கள்

கம்பளி என்று நாம் வாங்குவதில் ஆட்டு ரோமமும் உண்டு, அக்ரிலிக்கும் உண்டு, இரண்டும் கலந்ததும் உண்டு. ஒரு விரற்கடை நூலை இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். ரோமம் என்றால் தலைமுடி பொசுங்கும் நாற்றம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், மிஞ்சும் கரியை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகும், ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். அத்தையின் நூல் பொடியாகிவிட்டது. அசல் கம்பளி.

இன்னொன்று, இதைவிட முக்கியம். கம்பளி வைத்த பெட்டியில் எல்லார் வீட்டிலும் அந்துருண்டை கிடக்கும். அதில் இருக்கும் நாப்தலீன் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. துணியில் ஏறிய வாடையோடு அப்படியே கொண்டுபோய்ப் பூனைக்கு விரிக்கக்கூடாது. நான் நான்கு நாள் வெயிலில் போட்டு, இரண்டு முறை அலசி, முகத்தில் வைத்து மோந்து பார்த்து வாடை துளியும் இல்லை என்று தெரிந்தபிறகே வேலையைத் தொடங்கினேன். பெட்டியைத் துடைத்தபோது மூலையில் கிடந்த உருண்டைத் துணுக்குகளைப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைத்தேன். நாய் முகர்ந்து வாயில் போட்டுவிடும் என்று பயம்.

உடுத்துவதா, விரிப்பதா

நாய்ச்சட்டை, பூனை மெத்தை, குட்டிப் போர்வை என்று மூன்றாகச் சொன்னாலும் கேள்வி இந்த ஒன்றுதான். பிலாய்க் குளிர் வேறு, நம் குளிர் வேறு. அங்கே காற்றே குளிரும், உடம்பை மூடினால் போதும். தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழி, தை இரவுகளில்கூட 20, 21 டிகிரிக்குக் கீழே பெரும்பாலும் இறங்குவதில்லை. நம் பிராணிகளை வாட்டுவது ஈரம். ஐப்பசி மழையில் சாரல் அடித்த திண்ணை, ஓதம் ஏறிய சிமெண்டுத் தரை, சொதசொதவென்று கொட்டகை மண், மார்கழியில் விடியப் பெய்யும் பனி. ஈரத்தரை வயிற்றுப்பக்கமாகச் சூட்டை உறிஞ்சிவிடும். முதுகில் என்ன போர்த்தினாலும் அதற்குப் பதில் ஆகாது. அதனால் டெல்டாவில் இருப்பவர் கையில் கம்பளி கிடைத்தால் உடுத்துவதைவிட விரிப்பதே மேல் என்பது என் முடிவு. ஒரே ஒரு விலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

மணிக்குச் சட்டை

பார்க்க மிகவும் அழகாக இருப்பது இதுதான். வேலையும் இதற்கே அதிகம். கழுத்துச் சுற்றளவு, முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பின் அகலமான இடம், கழுத்தடியிலிருந்து வால் அடி வரை நீளம் என்று மூன்று அளவு வேண்டும். மனிதனுக்குப் பின்னிய துண்டு இதில் எதற்கும் சரியாகப் பொருந்தாது. வெட்டினால் கண் கண்ணாக உதிரும். பிரித்துப் புதிதாகத்தான் பின்ன வேண்டும்.

அதற்குமுன் முதுகுத் துண்டையே மணியின் மேல் சுற்றி, நாடா வைத்துக் கட்டி இரண்டு இரவு விட்டுப் பார்த்தேன். முதல் இரவு பேசாமல் படுத்திருந்தான். இரண்டாம் நாள் விடியற்காலை வழக்கம்போல் வாய்க்கால் வரப்பில் ஓடிவிட்டுத் திரும்பினான். துண்டு நனைந்து தொங்கியது, நெருஞ்சியும் புல் விதையும் அப்பியிருந்தன. அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே ரோமம் ஈரம் காயாமல் கசகசவென்று இருந்தது, அக்குளில் இரண்டு உண்ணி. ஈரக் கம்பளியை உடம்போடு கட்டி வைப்பதைவிட வெறும் உடம்போடு இருப்பது நாய்க்கு நல்லது. அது உதறினால் பாதித் தண்ணீர் போய்விடும், சட்டையை உதற முடியாது. நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பத்து மணி வெயிலில் சட்டையோடு திரிந்தால் அதுவும் துன்பம். வேலியில் மாட்டிக்கொண்டால் கழற்றிவிட ஆள் வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் குட்டை ரோம நாய், பல் போன கிழட்டு நாய், தாயில்லாத குட்டி என்றால் நான் மறுக்க மாட்டேன். கழுத்தில் இரண்டு விரல் நுழையும் தளர்வு இருக்கட்டும். பொத்தான் வேண்டாம், கடித்து விழுங்கும். ஆண் நாய்க்கு வயிற்றுப்பக்கம் குட்டையாக இருக்கட்டும். தனியாக விட்டுப் போகும்போது கழற்றிவிடுங்கள்.

திண்ணை நாட்டு நாய்க்கு வேண்டியது வேறு. இரண்டு செங்கல்மேல் ஒரு பலகை, அதன்மேல் வைக்கோல் அடைத்த சாக்கு. குறுவை அறுப்பு வைக்கோல் மழையில் நனைந்துதான் வரும், சாக்குக்குள் பூசணம் பிடிக்கும். போன தையில் போட்ட சம்பாப் போரில் உள்ளிருந்து உருவிய வைக்கோலை அடைத்தேன். மணி இப்போது அதில்தான் படுக்கிறான். அத்தையின் கம்பளியில் ஒரு இழைகூட அவனுக்குத் தேவைப்படவில்லை.

சீனிக்கு மெத்தை

கம்பளியைப் பூனைக்குக் கொடுப்பது போல் பொருத்தம் வேறு எதிலும் இல்லை. விரித்த உடனே வந்து முன்னங்கால்களால் மாற்றி மாற்றி மிதித்து, பிசைந்து, சுருண்டுவிடும். அந்தப் பிசைதலில்தான் ஆபத்தும் இருக்கிறது. நகம் பின்னலில் மாட்டி இழையை இழுக்கும். இழுபட்ட நூலைப் பூனை வாயில் வைத்தால் துப்ப முடியாது. அதன் நாக்கில் உள்ள முட்கள் எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை, எதையும் உள்ளேதான் தள்ளும். ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போனால், குடல் நாடா இழுத்த பாவாடை போலச் சுருங்கி அறுபட்டுவிடும். பூனை வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் தயவுசெய்து இழுக்காதீர்கள். அப்படியே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நூலுருண்டையை விளையாடக் கொடுப்பதும் இதே காரணத்தால் கூடாது.

இதற்கு அசல் கம்பளியில் ஒரு வழி இருக்கிறது. கொதிக்கும் நீரும் சோப்பும் போட்டு அடித்தால் ரோமச் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிவிடும். நல்ல ஸ்வெட்டரைச் சுடுநீரில் துவைத்துப் பாழாக்குவோமே, அதையே வேண்டுமென்று செய்வது. 110 ஃபந்தாவில் பின்னிய முதுகுத் துண்டு ஐம்பது செண்டிமீட்டர் அகலம் இருந்தது. வெந்நீரில் முக்கி, சோப்பு தேய்த்து, துவைகல்லில் வைத்து அடிக்கோலால் அடித்தேன். கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஓரங்கள் திடீரென்று உள்வாங்கின. இன்னும் இரண்டு முறை வெந்நீர் மாற்றி அடித்ததில், நாற்பதுக்கும் குறைவாகச் சுருங்கி, தடித்து, கண்களே தெரியாமல் ஜமக்காளம் போல ஆகிவிட்டது. கத்தரிக்கோலால் மூலையை வெட்டினேன். ஒரு இழை பிரியவில்லை. சீனியின் நகமும் மாட்டவில்லை.

அக்ரிலிக் இப்படி இறுகாது. வாஷிங் மிஷினில் போடலாம் என்று பதப்படுத்தி விற்கும் கம்பளியும் இறுகாது. அந்த நூல் என்றால் துண்டை நான்காக மடித்து, பழைய நூல்புடவையில் உறை தைத்து உள்ளே வைத்து மூடுங்கள். வெப்பம் கிடைக்கும், நகம் படாது. எதுவானாலும் வாரம் ஒருமுறை வெயில் காட்ட வேண்டும். தெள்ளுப்பூச்சியின் முட்டை பூனை உடம்பிலிருந்து படுக்கையில்தான் உதிர்கிறது.

குட்டிக்குப் போர்வை

நான் சொன்ன விலக்கு இதுதான். பிறந்த ஆட்டுக்குட்டி இரண்டு கிலோ இருந்தால் அதிகம். உடம்பு சிறியது, நனைந்து பிறக்கிறது, சூடு மளமளவென்று இறங்கும். கார்த்திகையில் நாலு நாள் விடாத மழைக்கு நடுவே கறுப்பி இரண்டு குட்டி போட்டாள். இரண்டாவது குட்டி எழுந்து நிற்கவில்லை. வாய்க்குள் விரல் விட்டால் சில்லென்று இருந்தது.

அப்போதுதான் முழங்கையோடு நின்ற அந்தக் கை நினைவுக்கு வந்தது. மணிக்கட்டுப் பார்டர் குட்டியின் கழுத்துக்குச் சரியாக இழுத்துக் கொடுத்தது. மேலே போகப் போக அகலும் கை, மார்புக்கும் முதுகுக்கும் அப்படியே பொருந்தியது. வெட்டவே இல்லை. பின்னல் கண்களை முடித்து, கையை மூட்டும் தையலை வயிற்றுப்பக்கம் வைத்து, கழுத்தருகே இரண்டு விரற்கடை மட்டும் தைத்தேன். அடுத்து முன்னங்கால்கள் இரண்டும் வெளியே வர இடைவெளி. காலுக்குப் பின்னால் ஒரு விரற்கடை தையல். அதற்குமேல் திறந்தே விட்டேன். தொப்புள்கொடி மேல் துணி படக்கூடாது, அது காய வேண்டும், அயோடின் வைக்க வேண்டும்.

வரிசை முக்கியம். முதலில் தாய் நக்கட்டும். வாசனையை வைத்துத்தான் அது தன் குட்டியை அறியும், அதற்குமுன் போர்த்தினால் ஒதுக்கிவிடலாம். அப்புறம் வைக்கோலாலும் பழந்துணியாலும் நன்றாகத் துவட்டி, சீம்பால் உள்ளே போக வேண்டும். பிறகுதான் போர்வை. கறுப்பி குட்டியின் வாலடியை மோந்துவிட்டு விலகாமல் நின்றாள். பாலைக் கறந்து சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். அத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். விடியும்போது குட்டி முட்டிக்கொண்டு குடித்தது. மூன்றாம் நாள் போர்வையைக் கழற்றிவிட்டேன். அதற்குமேல் வைத்தால் வளர்ந்து இறுக்கும், தாயும் மற்ற ஆடுகளும் ஓரத்தை மெல்லத் தொடங்கும். ஈரமானால் உடனே மாற்ற வேண்டும் என்பதால் முழுக்கையையும் இதேபோல் தைத்து இரண்டாவதாக வைத்துக்கொண்டேன்.

மாட்டுக்கன்றுக்கு இதெல்லாம் தேவையில்லை. எங்கள் கன்று உம்பளச்சேரி இனம், சிவப்பாகப் பிறந்து இப்போது சாம்பல் ஏறிக்கொண்டிருக்கிறது. முழங்கால் உயர உலர்ந்த வைக்கோலும் சீம்பாலும் கிடைத்தால் அது மழையைத் தாங்கிக்கொள்ளும். மீறினால் ஒரு சாக்கு. ஒரு ஸ்வெட்டர் கன்றின் பாதி முதுகுக்குக்கூடக் காணாது.

கூண்டில் லவ்பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் உள்ளே கம்பளி வைக்க வேண்டாம். இழை பறவையின் கால்விரலில் சுற்றி இறுகினால் விரலே போய்விடும். குருவி கூடு கட்டட்டும் என்று வெட்டிய நூலைத் தோட்டத்தில் போடுவதும் அதே தீங்குதான்.

பிரிப்பதா, அப்படியே வைப்பதா

முன்பக்கத் துண்டைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. அத்தை கண் தெரியாமல் போகும்வரை பின்னிய வரிசைகள் அவை. துருப்பிடித்த கண்களைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தைதான் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“பிலாய்ல வருசாவருசம் பிரிப்போம். பிள்ளைங்க வளந்தா பிரி, பெருசாப் பின்னு. நூலுக்கு என்ன வலிக்கவா போவுது?”

துருவேறிய வரிசையை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை உருவினார். சுருள் சுருளாக வந்த நூலைக் கண்டாகச் சுற்றி, நனைத்து, கொடியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு பூட்டைக் கட்டினோம். காய்ந்ததும் நேராகிவிட்டது. போன வருஷம் புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து அத்தைக்குக் கண் தெளிவாக இருக்கிறது. அடுத்த ஆடு தையில் போடும் என்று கணக்குச் சொன்னேன். ஒரு குட்டிக்குப் போர்வை பின்ன இந்த நூல் காணும் என்றார். கும்பகோணம் போனால் 10-ஆம் நம்பர் ஊசி ஒரு ஜோடி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார், இரும்பு வேண்டாம் என்றும்.