பொலன்னறுவையில் வாடகை சைக்கிள் எடுப்போர் கவனத்திற்கு

இலங்கையின் பொலன்னறுவையில் உள்ள பழைய நகரத்தை ஒரு நாள் முழுக்கச் சைக்கிளில் நிதானமாகச் சுற்றிவரத் திட்டமிடுவோர், குறிப்பாக இந்தியாவிலிருந்து செல்வோர், எனக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

பதிவேட்டில் விவரம் எழுதுவதற்காக முதல் நாள் இரவு வாங்கிய என் கடவுச்சீட்டை, விடுதிக்காரர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், சைக்கிள் வாடகைக்கு விடும் தம் உறவினரிடம் பிணையாகக் கொடுத்துவிட்டார். காலையில் கேட்டபோது, சைக்கிளைத் திருப்பி விட்டதும் கைக்கு வந்துவிடும் என்றார். உறவினரின் கடை பூட்டியிருந்தது. சைக்கிள் மட்டும் விடுதி வாசலில் நின்றது.

இதில் உள்ள முதல் நட்டம் அருங்காட்சியகத்தின் நுழைவுச்சீட்டு கவுண்டரில்தான் தெரியவந்தது. இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு அங்கே கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். கைப்பேசியில் இருந்த நகல் செல்லாது என்று சொல்லிவிட்டதால், மற்ற வெளிநாட்டவருக்குரிய முழுத் தொகையையும் கட்டித்தான் உள்ளே போனேன்.

சைக்கிளின் நிலையையும் சொல்லியாக வேண்டும். முன் பிரேக் கட்டையில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. பின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துப் பல காலம் ஆகியிருக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் ரிம் ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருந்தது. இவற்றைக் காலையிலேயே படமெடுத்து விடுதிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வேறு சைக்கிள் இல்லை என்று பதில் வந்தது.

பராக்கிரம சமுத்திரம் என்னும் ஏரியின் கரை, அரண்மனை, வட்டதாகே என்னும் வட்டவடிவப் பௌத்தக் கட்டடம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு இரண்டாம் சிவ தேவாலயத்தில் வெகுநேரம் இருந்தேன். சோழர் காலத்தில் வானவன்மாதேவி ஈசுவரம் எனப்பட்ட இச்சிறு கற்றளியின் சுவரில் தமிழ்க் கல்வெட்டைக் காண்பதற்காகவே நம்மவர்கள் அங்கே இறங்கலாம். ரன்கொத் விகாரையைத் தாண்டியதும் பின் டயர் இறங்கிவிட்டது. கடைக்காரரை அழைத்தேன், ஆள் அனுப்புவதாகச் சொன்னார், எவரும் வரவில்லை, அதன் பிறகு அழைப்பையும் எடுக்கவில்லை. உச்சி வெயிலில் தள்ளிக்கொண்டே கல் விகாரைக்குப் போனேன். படுத்த நிலையில் சுமார் 14 மீட்டர் நீளமுள்ள அந்தப் புத்தர் சிலையில், தலை அழுந்திய இடத்தில் தலையணை சற்றே குழிந்திருப்பதையும், மேல் பாதம் கீழ்ப் பாதத்தைவிடச் சற்றுப் பின்னால் தள்ளியிருப்பதையும் அவசரமாகத்தான் பார்க்க முடிந்தது. வடக்கே இருந்த திவங்க சிலைமனையைக் கைவிட்டேன்.

மாலையில் கடைக்காரர் சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, ரிம் வளைந்துவிட்டது, புதிய ரிம்முக்கும் டியூபுக்கும் பணம் தந்தால்தான் கடவுச்சீட்டு என்றார். அவர் கேட்ட தொகை அன்றைய வாடகையைப் போலப் பல மடங்கு. காலையில் எடுத்த படங்களையும் அவை அனுப்பப்பட்ட நேரத்தையும் காட்டி, சுற்றுலாத் துறையின் 1912 எண்ணை அழைக்கப் போவதாகச் சொன்ன பிறகே, விடுதிக்காரர் குறுக்கே வந்து, பங்க்சர் ஒட்டும் கூலியை மட்டும் கேட்டார். அதையும் தர மறுத்தேன். கடவுச்சீட்டு மேசை இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது. நுழைவுச்சீட்டில் கூடுதலாகச் செலவான தொகைக்கு மட்டும் இருவருமே பொறுப்பேற்கவில்லை.

விடுதியில் பதிவு முடிந்த அந்த இடத்திலேயே கடவுச்சீட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிணை வேண்டும் என்று வற்புறுத்தும் கடையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீது பெறுங்கள். அதற்கு இசையாத கடையில் சைக்கிள் எடுக்க வேண்டாம். ஏறும் முன் பின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், பிரேக்கை அழுத்திப் பாருங்கள், கடைக்காரரும் தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள்.